ஒரு விரல் இடம்

வரைபடம் போட்டவன்
ஆறடி ஆளாக இருந்திருக்க வேண்டும்.
உட்காரும் குழியின் நீளம்,
முழங்கால் முட்டும் இடம், கால் ஊன்றும் கட்டை
எல்லாமே அவன் உடம்பில் எடுத்த அளவு.
நான் நாலடி பத்து.
வலது கால் முக்கால் அங்குலம் குட்டை.
தெலுக் இந்தான் சாலையில்
செம்பனைக் குலை லாரி ஒன்று
கொண்டுபோய்விட்ட முக்கால் அங்குலம்.

ஊத்தான் மெலிந்தாங்கில்
பேருந்து நிற்குமிடத்துக்குப் பின்னால் என் தையல் கடை.
இருபத்திரண்டு வருடமாக ஊரை அளக்கிறேன்.
வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர்களிடம்
"மூச்ச விடுங்க, விடுங்க" என்பேன்,
விட்டதும் நாடாவைப் பிடிப்பேன்.

கொட்டகையில் பதினைந்தடிக்கு நீண்டு கிடந்தது கயாக்.
நாலு மில்லிமீட்டர் பிளைவுட்.
ஓரத்தோடு ஓரம் வைத்து
செம்புக் கம்பியால் தைக்கச் சொல்கிறது குறிப்பு.
பசை காய்ந்ததும் உருவிவிடலாம், ஓட்டுத் தையல்போல.
அந்த ஒரு வரியைப் படித்துத்தான்
ஆயிரத்து நானூறு வெள்ளிக்குத் துணிந்தேன்.

குழியின் விளிம்புக்குப் பட்டைகளை வளைத்து
ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி,
பிடித்து நிறுத்த
பிவிசி குழாயை அறுத்து அறுத்து
அறுபத்து நாலு வளையம் மாட்டினேன்.
எட்டிப் பார்த்த சுகந்தமலர் கேட்டாள்:
"எத்தனாவது மாசம்? வளைகாப்பா?"

இருக்கைக்குக் கார் பஞ்சு ஆகாது,
தண்ணீர் குடிக்கும்.
பாலர் பள்ளி தூக்கிப் போட்ட ரப்பர் பாய் கிடைத்தது,
எண்கள் கோத்த பாய்.
பிட்டத்துக்கு நாலும் ஏழும்,
இடுப்புக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று அடுக்கு,
முழங்காலுக்கு மேலே ஓர் ஆறு.
கவிழ்ந்தால் ஒன்பதாகிவிடும் என்று
தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

வலப்பக்கக் கட்டையை
முக்கால் அங்குலம் என் பக்கம் இழுத்துத் திருகினேன்.
உட்கார்ந்தேன். நீட்டினேன்.
இரண்டு பாதமும்
ஒரே நேரத்தில் எதையோ தொட்டன.
எழுந்திருக்க மனமில்லை.
கடையில் யாரோ கூப்பிட்டார்கள்.
கூப்பிடட்டும்.

கடைசியாகப் பாவாடை.
அப்படித்தான் சொல்கிறார்கள் அதை:
இடுப்பில் ஏறி, விளிம்பில் கவ்வி,
அலை உள்ளே இறங்காமல் மூடும் துணி.
நானாயிற்றே,
கல்யாணப் பெண் ரவிக்கைபோலச் சிக்கென்று தைத்தேன்.
ஒரு சுருக்கம் கிடையாது.

பன்னிரண்டாம் கட்டை பாரிட்டில்
மார்பளவுத் தண்ணீரில் மஸ்னி நின்றாள்.
"கவிழ்றேன், எண்ணு" என்றேன்.

தேயிலை நிறம். மூக்கெல்லாம் சேறு.
இழுத்து விடுபட ஒரு பிடி வைத்திருந்தேன்,
அது பாவாடைக்கு உள்ளே மடங்கிப் போயிருந்தது.
இடுப்பை அசைத்தேன், பாய் விடவில்லை.
முழங்காலை இழுத்தேன், விடவில்லை.
அவ்வளவு கச்சிதம்.
அங்கே தலைகீழாக
என் வேலையை நானே மெச்சிய அரை நொடியும் உண்டு,
பொய் சொல்ல மாட்டேன்.

மஸ்னி எண்ணுவதை விட்டுவிட்டு
படகையே புரட்டினாள்.
"கீலா!" என்று திட்டினாள்.
பிறகு கரையில் உட்கார்ந்து அழுதாள்.
நான் இருமிக்கொண்டே
அவள் தலைத்துணியிலிருந்த பாசியை எடுத்தேன்.

இரவு பிரித்தேன்.
இடுப்பில் பக்கத்துக்கு ஓர் அடுக்கு கழற்றினேன்.
முழங்கால் ஆறைப் பாதியாகச் சீவினேன்.
பாவாடை ரப்பரைத் தளர்த்தி,
பிடியை வெளியே வைத்துத் தைத்தேன்,
வெட்டு மீந்த அரக்குப் பட்டுக் கரையில்,
கண்மூடியும் கைக்குத் தெரியும்படி
ஒரு மணியும் கோத்து.
கால் கட்டையை மட்டும் தொடவில்லை.

நேற்று மறுபடி கவிழ்ந்தேன்.
மஸ்னி மூன்று சொல்வதற்குள் வெளியே.
இன்னும் பத்து தடவையாவது கவிழ வேண்டும்,
அப்புறம்தான் பெர்ணம் ஆறு,
அப்புறம் முகத்துவாரம்.

இன்று காலை நிச்சயதார்த்த ரவிக்கைக்கு
கிராணி மகள் தேன்மொழியாள் வந்து நின்றாள்.
"அக்கா, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிங்களேன்."

காதில் இன்னும் பாரிட் தண்ணீர்.
தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டே
"என்ன?" என்றேன்.